காலம் முடிந்ததா? கால் அறுந்ததா?

2023-ம் வருஷம் கோடையில் ஒரு கிராமத்துக்குப் பொதுக்கூட்டத்துக்காகப் போயிருந்தோம். போய் இறங்கியதும், "இன்று கூட்டம் இல்லை, குவாரியில் ஒரு சாவு" என்று சொன்னார்கள். கூட்டம் இல்லாவிட்டால் போகிறது, சாவு எப்படி நேர்ந்தது என்று பார்க்கலாம் என்று நாமும் இரண்டு தோழர்களும் குவாரிக்கே போனோம்.

அந்தக் குவாரியின் குத்தகை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. கரையில் ஒரு பழைய கிரஷரும், லாரி மேலேயிருந்து கல் கொட்டுவதற்கான ஹாப்பர்கள் இரண்டும், கன்வேயர் சட்டங்களும் துருவேறி நின்றுகொண்டிருந்தன. முதலாளி அவ்வளவையும் மொத்தமாக ஒரு காயலான்கடை வியாபாரிக்கு விலை பேசிவிட்டார். வியாபாரி, டன்னுக்கு இவ்வளவு கூலி என்று ஒரு மேஸ்திரியிடம் விட்டுவிட்டார். மேஸ்திரி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் மாண்டவர். வயது 30. கேஸ் கட்டர் பிடிப்பவர். காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. இவைதாம் அவருக்கு இருந்த பாதுகாப்புச் சாதனங்கள்.

ஆனால் பாதுகாப்புக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் பொய் சொல்லக்கூடாது. அன்று காலை 7 மணிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்திருக்கிறார்கள். ஹாப்பரின் காலடியில் எலுமிச்சம்பழம் அரிந்து குங்குமம் தடவி வைத்திருக்கிறார்கள். ஒரு சேவலையும் அறுத்திருக்கிறார்கள். 11 மணிக்கு ஹாப்பர் விழுந்தது. மேஸ்திரியின் சிட்டையை நாமே வாங்கிப் பார்த்தோம். பூசைச் செலவு 640 ரூபாய் என்று எழுதியிருந்தது. ஹாப்பருக்குள் எவ்வளவு கல் கிடக்கிறது என்று ஒரு ஏணி வைத்து எட்டிப் பார்ப்பதற்கு அந்தச் சிட்டையில் செலவு இல்லை. அது இனாமாகவே செய்திருக்கக்கூடிய காரியம்.

குவாரி முதலாளி யோக்கியர்போல்தான் பேசினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "என்ன ஐயா செய்வது? அவன் காலம் முடிந்துவிட்டது. நம் கையில் என்ன இருக்கிறது?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "குவாரி முனி காவு கேட்டது. சேவல் போதவில்லை, ஆளை எடுத்துக்கொண்டது" என்றார். மாண்டவரின் மனைவியோ, "என் தலையெழுத்து" என்று மண்ணில் விழுந்து அழுதார். ஆக, மூன்று பேர் மூன்று வார்த்தை சொன்னார்கள். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: யாரையும் எதுவும் கேட்காதே என்பது.

முனி என்பது உண்மையானால் அந்த முனிக்கு முதலில் கோபம் வரவேண்டியது யார்மேல்? 20, 30 வருஷமாக மலையை வெடிவைத்துப் பிளந்து, லாரி லாரியாக ஏற்றி விற்றுக் காசாக்கியவர்மேலா? அல்லது அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தினக்கூலிக்காக டார்ச்சைக் கையில் பிடித்தவர்மேலா? எந்த ஊர் முனியாவது இதுவரையில் ஒரு குத்தகைதாரரைக் காவு வாங்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. முனிக்குங்கூட அந்தஸ்து பார்க்கத் தெரிந்திருக்கிறது!

நிற்க, ஹாப்பர் ஏன் விழுந்தது என்பதைப் பார்ப்போம். இதற்கு வேத சாஸ்திரம் வேண்டியதில்லை. இரும்பு சாஸ்திரம் கொஞ்சம் போதும். நாம் படித்துப் பட்டம் வாங்கியவர்களல்ல. ஓய்வு பெற்ற ஒரு இஞ்சினீயர் தோழரிடம் நாலு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம்.

ஹாப்பர் என்பது நாலு கால்மேல் நிற்கும் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. கால்கள் உயரமானவை. அந்தக் கால்களை ஒன்றோடொன்று சேர்த்து நடுவில் குறுக்குச் சட்டங்கள் கட்டியிருக்கும். பார்க்கிறவனுக்கு, பாரத்தைச் சுமப்பது கால்கள்தான், குறுக்குச் சட்டம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அதனால், கைக்கு எட்டுகிற, சுலபமாக வெட்டக்கூடிய, உடனே எடைபோட்டுக் காசாக்கக்கூடிய ஏங்கிள்தானே என்று முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். அன்றும் அப்படித்தான் வெட்டினார்கள். ஆனால் சங்கதி என்னவென்றால், மெலிந்து நீண்ட தூண் ஒன்று நசுங்கி விழுவதில்லை, வளைந்துதான் விழும். அது வளையாமலிருக்கும்படி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது குறுக்குச் சட்டம். நட்டநடுவில் உள்ள பிடியை எடுத்துவிட்டால், தூணின் தனித்து நிற்கும் நீளம் இரட்டிப்பாகிறது. நீளம் இரட்டிப்பானால் அது வளையாமல் தாங்கும் பாரம் பாதியாகக் குறைவதில்லை, நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இதை ஆய்லர் என்ற கணித அறிஞர் 18-ம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. இஞ்சினீயரிங் காலேஜுகளில் பிள்ளைகள் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகிற பாடம். காலேஜில் இருக்கிற கணக்கு குவாரிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இது ஒன்று. இன்னொன்று, தொட்டி காலியாக இல்லை. கிரஷர் நின்ற அன்றைக்குக் கொட்டிய கல் உள்ளேயே கிடந்து, மழையிலும் தூசியிலும் இறுகி, வாய் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு கன மீட்டர் உடைகல் சுமார் ஒன்றரை டன். பத்து கன மீட்டர் கிடந்தால் 15 டன். அதாவது, இடுப்புப் பிடி போன, துருவேறித் தகடு மெலிந்த கால்களின் தலையில் 15 டன். அதில் ஒரு காலை டார்ச்சால் அறுத்தால் அந்தக் கால் சுமந்த பாரம் மற்றக் கால்களின்மேல் போய் ஏறுகிறது. அவை அதைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது காலைப் பாதி அறுத்தபோது தொட்டி சாய்ந்தது. காலம் முடிந்ததா, கால் அறுந்ததா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

குவாரியில் நிற்கும் பழைய சாமான்களில் ஹாப்பர் ஒன்றுதான் எமன் என்று எண்ணிவிடக் கூடாது. கன்வேயர் பெல்ட்டை இறுக்கமாக வைப்பதற்கு ஒரு எடைக்கட்டி தொங்கும். பெல்ட்டை அறுத்தால் அது தொப்பென்று கீழே வரும். டீசல் டாங்கு காலியாக இருக்கிறது என்பார்கள். ஆனால் எண்ணெய் இல்லாத டாங்கில் ஆவி இருக்கிறது, டார்ச்சை வைத்தால் வெடிகுண்டு. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ். உடைக்கும்போது அதன் நார் நெஞ்சுக்குள் போகும். பல வருஷமாகத் தட்டிலும் மூலையிலும் படிந்த கல்தூசியைக் கிளப்பினால் அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த வியாதிக்கு இன்றுவரை குணமளிக்கும் மருந்து இல்லை. தவிர, லாரி மேலேறி வருவதற்காகக் கட்டிய கல்சுவர் அநேக இடங்களில் ஹாப்பரின் சட்டத்தோடு சேர்ந்தே நிற்கும். சட்டத்தை எடுத்தால் சுவரும் கூடவே வரும். இத்தனைக்கும் பக்கத்தில், வேலியில்லாத பள்ளம்.

கட்டிடம் கட்டுவதற்கு இஞ்சினீயர், மேஸ்திரி, பிளான், அனுமதி எல்லாம் வேண்டும் என்று ஒத்துக்கொள்ளுகிற நம் ஜனங்கள், இடிப்பதற்கு மட்டும் முரட்டுத்தனம் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இடிப்பதற்குத்தான் அதிக அறிவு வேண்டும். கட்டும்போது ஒவ்வொரு மணி நேரமும் பலம் கூடிக்கொண்டு போகிறது. இடிக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் குறைந்துகொண்டு போகிறது, ஆளோ அதன் அடியிலேயே நிற்கிறான்.

இந்த இடத்தில் நாம் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாமும் இளவயதில் ஒரு கிரஷரில் எடைமேடைச் சீட்டு எழுதிப் பிழைத்தோம். அங்கே ஒரு நாள் ஷெட்டைப் பிரிக்கும்போது தகரத்தோடு ஒரு கிழவர் விழுந்து இடுப்பு ஒடிந்து, மூன்றாம் நாள் மாண்டார். முதலாளி, "விபத்து என்று எழுது" என்றார். நோட்டில் "விபத்து" என்று எழுதினோம். ஏணி இல்லை, கயிறு இல்லை, மக்கிப்போன மரச்சட்டத்தின்மேல் ஏறச் சொன்னார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையை எழுதினோம். அந்த வார்த்தைக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்பது அப்போது நமக்குப் புரியவில்லை.

சரி, ஏன் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை? முட்டாள்தனம் மட்டும் காரணமல்ல, லாபமும் காரணம். பழைய கிரஷரை இடிப்பதற்கு முதலாளி காசு கொடுப்பதில்லை, காசு வாங்குகிறார். "இருக்கிறபடியே, இருக்கிற இடத்திலேயே" என்று மொத்தமாக விற்றுவிடுகிறார். வாங்கிய வியாபாரிக்கு லாபம் இரும்பின் எடையில் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் லாரி ஏறுகிறதோ அவ்வளவு லாபம். ஒரு நாள் கிரேன் வாடகை கொடுத்துத் தொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்தால் ஒரு ஆளும் சாகமாட்டான். ஆனால் கிரேன் வாடகை லாபத்தில் கடிக்கும். ஆள் செத்தால் மட்டும் யாருடைய லாபத்திலும் கடிப்பதில்லை. முதலாளி, "நான் விற்றுவிட்டேன்" என்பார். வியாபாரி, "நான் மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன்" என்பார். மேஸ்திரி, "நானும் கூலிக்காரன்தானே" என்பார். கடைசியில் எஞ்சுவது விதி ஒன்றுதான். அதைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அடியில் நிற்கிறவன் எந்தச் சாதி, சீட்டெழுதி விற்கிறவன் எந்தச் சாதி என்று நாம் சொல்லித்தானா வாசகர்களுக்குத் தெரியவேண்டும்?

"முன்னேறிய தேசங்களிலும் இப்படி நடக்கிறதே" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நடக்கிறதுதான். இங்கிலாந்தில் டிட்காட் என்னும் ஊரில் மூடப்பட்ட நிலக்கரி மின் நிலையத்தின் கொதிகலன் கட்டிடத்தை வெடிவைத்துத் தகர்ப்பதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தபோது, 2016 பிப்ரவரி 23-ந் தேதி அதில் ஒரு பகுதி தானே சரிந்தது. தொழிலாளர்கள் நாலு பேர் மாண்டார்கள். கடைசி உடல் அகப்பட்டது செப்டம்பரில். தென் கொரியாவில் உல்சானில் 60 மீட்டருக்கு மேல் உயரமான கொதிகலன் கோபுரம் ஒன்று, தகர்ப்பதற்கு முன்பாக அதன் தாங்கிகளை வெட்டிப் பலவீனப்படுத்திக்கொண்டிருந்த சமயம், 2025 நவம்பர் 6-ந் தேதி விழுந்து 7 பேரைக் கொன்றது. இவற்றால் தெரிவது என்ன? ஆங்கிலேயனுக்கும் கொரியனுக்கும் நம் குவாரி முனி போய்விட்டது என்பதா? பாதி அறுத்து நிறுத்திய கட்டடம் எந்தத் தேசத்திலும் எந்த மதத்தாரின் தலையிலும் ஒரே விதமாகத்தான் விழும் என்பதல்லவா?

டிட்காட்டில் இன்னொன்றும் நடந்தது. எஞ்சி நின்ற பகுதிக்கு அருகில் மனிதரை அனுப்பக்கூடாது என்று தீர்மானித்து, யந்திர மனிதர்களைக்கொண்டு வெடி வைத்து, 2016 ஜூலை 17-ந் தேதி அதைத் தகர்த்தார்கள். நாலு பேர் மாண்ட பிறகு யந்திரம் அகப்பட்டது. மாளுவதற்கு முன் அகப்படவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி, கட்டிக்கொண்டிருந்த 11 மாடி வீடு விழுந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். பக்கத்தில் அதே மாதிரி நின்ற மற்றொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி தகர்த்தார்கள். தூண்களைக் கணக்குப் பார்த்து, துளையிட்டு, அக்கம்பக்கத்து ஜனங்களை வெளியேற்றி, போலீஸ் காவல் போட்டுச் செய்தார்கள். சில விநாடியில் விழுந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. கேரளத்தில் மரடு என்னுமிடத்தில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் பெரிய அடுக்குமாடிகளையும், டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் 2022 ஆகஸ்டு 28-ந் தேதி சுமார் 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் இரண்டையும் தகர்த்தபோதும் இப்படியே. நொய்டாவில் சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்தார்கள், ஒருவரும் சாகவில்லை. ஆகவே நம் நாட்டில் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பட்டணத்தில், பணக்கார வீடுகளுக்கு நடுவே, டெலிவிஷன்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அறிவு வருகிறது. குவாரிக் கரையில், ஆறு கூலிகளுக்காக, வருவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இருக்கிற விதத்தைக் கேளுங்கள். கட்டிடங்களை இடிப்பதற்கான பாதுகாப்பு முறைகளை இந்திய தர நிர்ணயம் 4130 என்ற நம்பரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1991-ல் திருத்தியும் இருக்கிறார்கள். கட்டிடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் ஒரு சட்டம் செய்து, இடிக்கும் வேலையும் கட்டிட வேலைதான் என்று அதில் எழுதினார்கள். 1998-ல் விதிகளும் செய்தார்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் அதே வாக்கியத்தின் வாலில், தொழிற்சாலைச் சட்டமோ சுரங்கச் சட்டமோ பொருந்துகிற இடத்து வேலை இதில் சேராது என்று ஒரு விலக்கு வைத்தார்கள். கல்குவாரி என்பது 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி சுரங்கம். கிரஷரோ பல இடங்களில் தொழிற்சாலை. எனவே கட்டிட இன்ஸ்பெக்டரிடம் போனால், "அது சுரங்கம்" என்பார். சுரங்கச் சட்டத்திலோ, ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாமல், வெடி வைக்காமல், 50 பேருக்கு மேல் இல்லாமல் நடக்கும் கல்குழிகளுக்குப் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு இருந்தது. கல்லை வெட்டக் குத்தகை கொடுத்து சீனியரேஜ் வசூலிப்பது மாநில சர்க்கார். சுரங்கத்தில் வேலை செய்கிறவனின் பத்திரத்தைப் பார்க்க வேண்டியது மத்திய சர்க்கார். அந்த இலாகாவின் தலைமை ஆபீஸ் இருப்பது தன்பாத்தில். கல்லுக்கு ஒரு சர்க்கார், உயிருக்கு ஒரு சர்க்கார்!

இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே சட்டமாக்கிவிட்டோம் என்று 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். 13 பழைய சட்டங்கள் அதில் அடக்கம். ஓட்டையை அடைத்தார்களா என்று பார்த்தோம். தொழிற்சாலை, சுரங்கம் சம்பந்தமான கட்டிட வேலை, கட்டிட வேலையில் சேராது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்துச் செய்யும் வேலையும் சேராது என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் மேஸ்திரி கூட்டி வந்தது எத்தனை பேர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அம்மாளின் சங்கதிக்கு வருவோம். காரியம் முடிவதற்குள் முதலாளியும் வியாபாரியும் சேர்ந்து இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து, "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊரார் அதைத் தர்மம் என்று புகழ்ந்தார்கள். அப்போது நடப்பிலிருந்தது 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம். அதன் கணக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவது. 2020-ல் நிர்ணயித்த உச்சவரம்பாகிய மாதம் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டாலும், 30 வயதுக்கு எண் 207.98. பெருக்கிப் பார்த்தால் 15,59,850 ரூபாய். இரண்டு லட்சம் தர்மமா, பதின்மூன்றரை லட்சம் திருட்டா? அன்றியும், சாவுக்கான நஷ்டஈட்டைக் கமிஷனரிடம்தான் கட்டவேண்டும், நேரில் கையில் கொடுத்தது நஷ்டஈடாகவே ஆகாது என்று அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்லுகிறது. ஆகவே அந்தக் கைநாட்டுக் காகிதம் வெறுங் காகிதம். இதை அந்த அம்மாளிடம் நம் தோழர்கள் எடுத்துச் சொல்லி, இரண்டு வருஷக் கெடுவுக்குள் மனுப் போடவைத்தார்கள். அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "என் தலையெழுத்துக்கு யார்மேல் கேஸ் போடுவது?" என்றார். தலையெழுத்து என்ற அந்த ஒரு வார்த்தையின் விலை பதின்மூன்றரை லட்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

வாசகர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். உங்கள் ஊர்ப் பக்கம் பழைய கிரஷரோ, சுண்ணாம்புக் காளவாய்ப் புகைபோக்கியோ, தண்ணீர்த் தொட்டியோ அறுக்கப்படுகிறது என்று தெரிந்தால் போய் நின்று கேளுங்கள். எதை முதலில் அறுப்பது, எதைக் கடைசியில் அறுப்பது என்று எழுதிய காகிதம் எங்கே? அதில் கையெழுத்துப் போட்ட இஞ்சினீயர் யார்? தொட்டியில் கல் இருக்கிறதா, டாங்கைக் கழுவினார்களா, கரண்டை மூலத்திலேயே நிறுத்தியாயிற்றா? அறுக்கும்போது தொட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கப்போவது கிரேனா, முனியா? பதில் இல்லையானால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பூசணிக்காய் உடைக்கிறவர்களோடு அன்றைக்குச் சண்டை போட வேண்டாம். அதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதை உடைத்த பிறகும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

மேலே சொன்ன குவாரியில் இரண்டாவது ஹாப்பர் இன்னும் நிற்கிறது. அதற்கும் ஒரு வியாபாரி விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அந்த ஊர்த் தோழர்கள் 14 பேர் கையெழுத்திட்டு, கலெக்டருக்கும், மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இலாகாவுக்கும், சுரங்கப் பாதுகாப்பு இலாகாவுக்கும் தனித்தனியே தபாலில் மனு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று ரசீதுகளும் நம்மிடம் இருக்கின்றன. பதில் வந்தால் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். வராவிட்டால் வரவில்லை என்பதை வாராவாரம் வெளியிடுவோம்.